பட்டாம்பூச்சி நடைக்கு விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டுமா?

கேள்வி: கோவை அருகே மலையடிவாரத்தில் பட்டாம்பூச்சி நடை என்று ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வரச் சொல்கிறார்கள். ஆளுக்கு 500 ரூபாய். ஒன்பது வயது மகனுக்குப் பூச்சி என்றால் உயிர். மாமியாரும் வருகிறேன் என்கிறார், ஆனால் அவருக்கு முழங்கால் வலி. எங்கள் ஊர் பெருந்துறை. நான்கு மணிக்கெல்லாம் எழுந்தால்தான் போய்ச் சேர முடியும். போகலாமா? பைனாகுலர் வாங்க வேண்டுமா? எங்கள் பக்கத்திலேயே பார்க்க வழி இல்லையா?
– ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: முதலில் அந்த ஆறரை மணியைப் பற்றி விசாரியுங்கள். அது பறவை பார்ப்பவர்களின் நேரம். பட்டாம்பூச்சி பறப்பதற்குத் தேவையான உடல் சூட்டைப் பெரும்பாலும் வெயிலிலிருந்துதான் பெறுகிறது. விடிந்த உடனே போனால் இலைக்கு அடியில் இறக்கையை மூடிக்கொண்டு தொங்குவதைத்தான் தேட வேண்டியிருக்கும், அதுவும் பழகிய கண்ணுக்கே சிக்கும். எட்டு, எட்டரைக்கு வெயில் ஏறத் தொடங்கியதும் இறக்கையை விரித்துக் குளிர்காய ஆரம்பிக்கும். நிதானமாகப் பார்க்கவும் படம் எடுக்கவும் அதுவே நல்ல நேரம். பதினொன்றரைக்கு மேல் அவை நிற்காமல் பறக்கும், நாமும் சோர்ந்துவிடுவோம். எனவே ஏற்பாடு செய்பவர்களிடம், "ஆறரைக்கு வந்து எட்டரை வரை என்ன செய்வோம்?" என்று கேளுங்கள். செடிகளைக் காட்டுகிறோம், முட்டையும் புழுவும் தேடுகிறோம் என்று பதில் வந்தால் நல்லவர்கள் கையில்தான் இருக்கிறீர்கள். பதில் தடுமாறினால் பறவை நடைக்குப் பெயரை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் முதல் நடைக்கே மலையடிவாரம் எதற்கு என்பதுதான் என் கேள்வி. காட்டுக்குள் இனங்கள் அதிகம்தான். ஆனால் அவை மரத்தலையில் பறக்கும், நிழலில் ஒளியும், காட்டுவதற்குள் போய்விடும். ஒன்பது வயதுப் பையன் அண்ணாந்து பார்த்தே அலுத்துப்போவான். கண் பழகும் வரை தாழ்ந்த செடிகள் உள்ள திறந்தவெளிதான் நல்லது. அது உங்கள் ஊரைச் சுற்றி ஏராளமாக இருக்கிறது.

வெள்ளோடு பறவைகள் சரணாலயம் உங்களுக்குப் பக்கம்தான். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம். எல்லோரும் தண்ணீரைப் பார்த்தபடி நடப்பார்கள். நீங்கள் கரையோரச் செடிகளைப் பார்த்தபடி நடங்கள். பறவைகள் வரும் கார்த்திகை, மார்கழி பட்டாம்பூச்சிக்கும் நல்ல காலம். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நாட்களில், கரையை ஒட்டிய கசிவு நீர்ச் சேற்றில் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருப்பவற்றைக் காணலாம். அநேகமாக எல்லாமே ஆண்கள். சேற்றிலுள்ள உப்புச் சத்தை எடுத்துக்கொண்டுபோய் இணை சேரும்போது பெண்ணுக்குக் கொடுக்கின்றன. முட்டைக்கு அது உதவுகிறது. அங்கே பையனின் கையை விடாதீர்கள். வாய்க்கால் தண்ணீரின் இழுப்பு மேலே தெரியாது.

இன்னும் ஒன்று. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் இருக்கும் கொரங்காட்டை யாரும் பட்டாம்பூச்சி நடைக்குச் சொல்வதில்லை. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் சுற்றிலும் கிளுவை வேலியுமாக, மாடு மேய்வதற்கென்றே நம் முன்னோர் வைத்த நிலம். அந்த வறண்ட முள்நிலத்துக்கென்றே ஒரு பட்டாம்பூச்சிக் கூட்டம் உண்டு. கிரிம்சன் டிப், ஒயிட் ஆரஞ்சு டிப், ஸ்மால் சால்மன் அராப் போன்றவை. வெள்ளையோ இளஞ்சிவப்போ கலந்த இறக்கை, டிப் என்று பெயருள்ளவற்றுக்கு இறக்கை நுனியில் தீ வைத்ததுபோல் நிறம். விழுதி, ஆதொண்டை, உகா போன்ற வறள்நிலச் செடிகளில்தான் இவற்றின் புழுக்கள் வளரும். ஈரமான மலைக்காட்டில் போய் இவற்றைத் தேடினால் ஏமாற்றம்தான். நிலம் பிறருடையது என்பதால் தோட்டத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, படலைத் திறந்தால் மூடிவிட்டு நடங்கள்.

காலம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தானே. அந்தக் காற்றில் பட்டாம்பூச்சிகள் வேலியின் மறைவை விட்டு வெளியே வருவது குறைவு. புரட்டாசி மழையில் செடி துளிர்த்த பிறகு, ஐப்பசியிலிருந்து தை வரை நல்ல பருவம். இரண்டு நாள் மழை பெய்து மூன்றாம் நாள் வெயில் அடித்தால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.

ஐப்பசியில் இன்னொன்றும் நடக்கும். நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்ற பட்டாம்பூச்சிகள் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கமிருந்து நம் சமவெளியைக் கடந்து மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிப் போகும். கோடை முடிவில் மலையிலிருந்து கிழக்கே வந்த பயணத்தின் மறுபாதி இது. சாலையைக் குறுக்கே கடந்து எல்லாம் ஒரே திசையில் பறப்பதைக் கண்டால் வண்டியை ஓரமாக நிறுத்தி, இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே ஐந்து நிமிடத்தில் எத்தனை கடக்கின்றன என்று பையனை எண்ணச் சொல்லுங்கள். திசையையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளட்டும். இந்த வலசையை ஆராய்பவர்களுக்கு இப்படிப்பட்ட எளிய குறிப்புகள்தான் வேண்டும்.

இனி வழிகாட்டியைப் பற்றி. ஒரே ஒரு சோதனை போதும்: அவர் பூச்சியின் பின்னால் ஓடுகிறாரா, செடியின் முன்னால் நிற்கிறாரா என்று பாருங்கள். பெயர்களை வரிசையாக ஒப்பிப்பவரிடம் நூறு பெயர் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் நினைவிருக்காது. எருக்கஞ்செடியருகே நின்று, இலையைத் திருப்பி, வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் முட்டையைக் காட்டுபவரிடம் கற்றது மறக்காது. பட்டாம்பூச்சி பல வகைப் பூக்களில் தேன் குடிக்கும், ஆனால் முட்டையிடுவதற்கு அதற்கென்று விதித்த செடியைத்தான் தேடும். எருக்கில் வெந்தய வரியன், கொன்றையில் காமன் எமிகிரன்ட், ஆமணக்கில் காமன் கேஸ்டர், ஆடுதீண்டாப்பாளையில் கிரிம்சன் ரோஸும் காமன் ரோஸும், மாமரத்தில் காமன் பேரன், தரையோடு படரும் புளியாரையில் பேல் கிராஸ் புளூ. செடி தெரிந்தால் பூச்சி எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். செடி தெரியாமல் நடப்பது வெறும் காலை நடை.

ஒரு வழிகாட்டிக்குப் பதினைந்து பேருக்கு மேல் இருந்தால் பின்வரிசையில் இருப்பவர்களுக்குப் புழுதிதான் தெரியும். கேட்டே தெரிந்துகொள்ளுங்கள். வலை வைத்துப் பிடித்துக் காட்டுகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இறக்கையின் நிறம் செதில் தூள், விரலில் ஒட்டினால் திரும்ப வராது. சில இனங்களுக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பும் உண்டு. மலையடிவாரம் என்றால் வனத்துறை அனுமதி இருக்கிறதா என்பதும் முக்கியம். சிறுவாணிச் சாலை, மருதமலை, ஆனைகட்டி எல்லாம் யானை நடமாடும் இடங்கள். விடியற்காலையில் அங்கே புதருக்குள் குனிந்து இலையைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. கோவையில் இயங்கும் தி நேச்சர் அண்ட் பட்டர்ஃபிளை சொசைட்டி போன்ற ஆர்வலர் அமைப்புகள் நடைகளும் கணக்கெடுப்புகளும் நடத்துகின்றன. சிங்காநல்லூர், வெள்ளலூர்க் குளக்கரைகளில் நடக்கும் நகர நடைகள் குடும்பத்தோடு போக ஏற்றவை. அப்படி ஒன்று கிடைத்தால் கட்டணம் கொடுத்தாவது ஒருமுறை போய் வாருங்கள். கண் திறப்பதற்குத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும்தான்.

பையனுக்கு நடைக்கு முந்தைய வாரமே வேலை கொடுங்கள். வீட்டில் கறிவேப்பிலை மரம் இருக்குமே, அதன் இளந்தளிரைப் பார்க்கச் சொல்லுங்கள். பறவை எச்சம்போல ஒரு புழு இருந்தால் அது லைம் அல்லது காமன் மார்மன் பட்டாம்பூச்சியின் இளம்பருவம். சில நாளில் பச்சையாகிவிடும். குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற கொம்பை நீட்டி நாற்றம் விடும். இதற்கு மேல் ஒரு பையனுக்கு என்ன வேண்டும்? டப்பாவில் அடைக்க வேண்டாம். மரத்திலேயே விட்டுத் தினமும் பார்க்கட்டும். சில காணாமல் போகும், குளவியோ குருவியோ எடுத்துப்போயிருக்கும். அதையும் அவன் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

காமன் மார்மனில் ஒரு தந்திரமும் உண்டு. ஆண் கறுப்பு இறக்கையில் வெள்ளைப் பட்டையோடு இருக்கும். பெண்களிலோ மூன்று வடிவங்கள்: ஒன்று ஆணைப் போலவே, ஒன்று காமன் ரோஸைப் போல, இன்னொன்று கிரிம்சன் ரோஸைப் போல. ரோஸ் இரண்டும் ஆடுதீண்டாப்பாளையின் நஞ்சை உடலில் வைத்திருப்பவை, பறவைகள் தொடுவதில்லை. அந்த வேடத்தைத்தான் மார்மன் பெண் போட்டுக்கொள்கிறது. உடலைப் பார்த்தால் பிடித்துவிடலாம்: ரோஸுக்குச் சிவப்பு உடல், மார்மனுக்குக் கறுப்பு. வெந்தய வரியனிலும் இதே கதை. எருக்கம்பாலின் நஞ்சு அதற்குக் காவல். டனைட் எக்ஃபிளை என்ற வேறொரு இனத்தின் பெண் அதைப்போலவே வேடமிடும். பின்னிறக்கையின் நடுவே கறுப்புப் புள்ளிகள் நான்கு இருந்தால் வெந்தய வரியன் ஆண், மூன்று இருந்தால் பெண். மேல் விளிம்பருகே ஒரே ஒரு புள்ளி மட்டும் இருந்தால் அது வேடதாரி. எருக்கிலையைத் திருப்பும்போது ஒடிக்காமல் திருப்பப் பழக்குங்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து, கையைக் கழுவாமல் கண்ணைத் தொடவே கூடாது.

மாமியாரை நிச்சயம் அழைத்துப்போங்கள். நல்ல பட்டாம்பூச்சி நடை என்பது இரண்டு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர்கூட நகராதது. அதுவும் முடியாது என்றால் மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துச் சென்று, கிலுகிலுப்பைச் செடியோ தேள்கொடுக்குச் செடியோ இருக்கும் இடத்தில் நிழலாகப் பார்த்து உட்கார வையுங்கள். வரியன்களின் ஆண்கள் இச்செடிகளின் வாடிய இலை, தண்டு, காய்களில் மொய்க்கும். பெண்ணைக் கவரும் வாசனைக்கு வேண்டிய பொருள் அவற்றில்தான் கிடைக்கிறது. நடந்துபோனவர்கள் திரும்புவதற்குள் அவர் உங்களைவிட அதிகம் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. செடிப் பெயர்களை வழிகாட்டிக்கே அவர் சொல்லிக்கொடுத்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பைனாகுலர் இப்போது வாங்காதீர்கள். பறவைக்கு வாங்கிய பல பைனாகுலர்களில் ஏழெட்டு அடி தள்ளி இருப்பது மங்கலாகத்தான் தெரியும். பிறகு வாங்குவதாக இருந்தால் எட்டு மடங்கு பெருக்கமும், இரண்டு மீட்டர் அல்லது அதற்கும் குறைந்த தூரத்தில் தெளிவாகத் தெரிவதுமாகப் பாருங்கள். பத்து மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார், பையன் கையில் அது ஆடிக்கொண்டே இருக்கும். இப்போதைக்குக் கைபேசிக் கேமரா போதும். இறக்கையின் மேல்புறம், அடிப்புறம் இரண்டையும் எடுங்கள், சிறிய நீலவகைகளை அடிப்புறக் கோடுகளை வைத்துத்தான் பிரிக்க முடியும். அருகே போகும்போது உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் பக்கவாட்டில் போங்கள். மற்றபடி முழுக்கால் சட்டை, மூடிய காலணி, தொப்பி, தண்ணீர். கொசு விரட்டும் களிம்பு பூசிய கையால் புழுவைத் தொட வேண்டாம்.

எடுத்த படங்களை நாள், இடத்தோடு ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதியலாம், பெயர் தெரியாவிட்டாலும் அங்கே அறிந்தவர்கள் சொல்வார்கள். 2019-இல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அரசு அறிவித்தது. அது மலைக்காட்டு இனம், பெருந்துறையில் எதிர்பார்க்காதீர்கள். கொரங்காட்டிலும் வாய்க்கால் கரையிலும் கண் பழகிய பிறகு அடுத்த ஆண்டு அதைத் தேடி மலைப்பக்கம் போகலாம்.

வரும் ஞாயிறு மேகமூட்டமாக இருந்தால் கோவைக்குக் கிளம்ப வேண்டாம், பணத்தை அடுத்த நடைக்கு மாற்றித் தருவார்களா என்று கட்டுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.