மலை வீடு: கேள்வி – பதில்

கேள்வி: குன்னூரில் 18 சென்ட் தோட்டத்தோடு பழைய ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வருகிறது. கல் சுவர், மரக்கூரை. இப்போதுதான் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகி, திருப்பூர்

பதில்: விற்கிற நேரத்தில் அடித்த பெயின்ட் என்றால் கொஞ்சம் உஷாராகவே இருங்கள். ஈரக்கறை அதற்குள்தான் ஒளிந்திருக்கும். கோடையில் பார்த்த கையோடு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வீட்டைச் சோதிக்கும். 2009 நவம்பரில் மண் சரிந்ததும் அந்த மழையில்தான். ஐப்பசியில் நன்றாகப் பெய்த மறுநாள் போங்கள்.

போனதும் முதலில் வீட்டின் பின்பக்கம். மேட்டை வெட்டிக் கட்டிய தடுப்புச் சுவரில் துளைகள் இருக்கின்றனவா? அவற்றில் தண்ணீர் வடிந்தால் நல்லது. துளை இல்லாமலோ மண் அடைத்தோ இருந்தால் மழைநீர் உள்ளே தேங்கிச் சுவரைத் தள்ளும். நடுவில் உப்பிய சுவரைப் பூசிச் சரிக்கட்ட முடியாது, பிரித்துத்தான் கட்ட வேண்டும். அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

பள்ளப் பக்க மூலையில் சாய்வாக ஏறும் விரிசல் இருந்தால், உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலம் தாண்டிக் கண்ணாடி உடையாவிட்டால் பழைய விரிசல். உடைந்தால் அஸ்திவாரம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

கூரையில் ஓட்டைத் தாங்கும் சாய்வு மரமான கைமரம் சுவர்மேல் உட்காரும் முனைதான் முதலில் உளுத்துப்போகும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் மாற்ற வேண்டியதுதான். ஓடு உடைந்திருப்பது பெரிய விஷயமில்லை. இரண்டு கூரைகள் சேரும் பள்ளத்தில் போட்ட தகரம் துருப்பிடித்திருந்தால்தான் வீட்டுக்குள் ஒழுகும்.

சுவர் சுண்ணாம்புக் கலவையில் கட்டியதென்றால் சிமென்ட் பூச விடாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பெயர்ந்து விழும். சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு போதும்.

பத்திரத்தில் 18 சென்ட் என்று இருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பழைய தோட்ட வேலிகள் புறம்போக்குக்குள் நீண்டிருப்பது இங்கே சகஜம். சர்வேயரை வைத்து எஃப்.எம்.பி. என்கிற அரசு நில அளவை வரைபடத்தோடு அளந்து பாருங்கள். வில்லங்கச் சான்றை 30 ஆண்டுகளுக்காவது போடுங்கள், தாய்ப்பத்திரத்தையும் கேளுங்கள்.

கேள்வி: வாங்கப்போகும் வீட்டின் கூரைமேல் சைப்ரஸ் மரம் ஒன்று சாய்ந்து நிற்கிறது. நம் பட்டா நிலம்தானே, வெட்டலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: அனுமதி இல்லாமல் கூடாது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்துக்கும் பொருந்தும். மரத்தையும் கூரையையும் சேர்த்துப் படம் எடுத்து, ஆபத்து என்று காட்டி மாவட்டக் குழுவுக்கு விண்ணப்பியுங்கள். அனுமதி வந்து வெட்டினாலும் சரிவில் வேரைத் தோண்டாதீர்கள். மண்ணைப் பிடித்து நிற்பது அதுதான்.

கேள்வி: பழைய மலை வீட்டை வாங்கி, இடித்துவிட்டு மூன்று மாடி கட்டலாமா?
– வாசகர், சென்னை

பதில்: முடியாது. மலைவாசஸ்தலக் கட்டட விதிகளின்படி உயரம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதற்காக வாங்குவதாக இருந்தால் வாங்க வேண்டாம்.