புதுக் குக்கரை தோசைக்கல் மாதிரி பழக்க வேண்டுமா?

புதிதாக வாங்கிய பிரஷர் குக்கரை எண்ணெய் தடவிப் பழக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதெல்லாம் இரும்புக்கு. எங்கள் அப்பத்தா புது இருப்புச்சட்டி வாங்கினால் நாலு நாள் வடிகஞ்சி ஊற்றி வைத்து, எண்ணெய் தடவிக் காயவைத்து, வெங்காயம் வதக்கிக் கொட்டி, அப்புறம்தான் சமையலுக்கே எடுப்பார். அலுமினியத்துக்கும் எவர்சில்வருக்கும் அந்தப் பாடு கிடையாது.

சோப்புப் போட்டு வெந்நீரில் நன்றாகக் கழுவுங்கள். அரைப் பாத்திரம் தண்ணீர், நெல்லிக்காய் அளவு புளி போட்டு இரண்டு விசில் விட்டு, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அந்த இரண்டு விசில் வரைக்கும் பக்கத்திலேயே நின்று பாருங்கள். வெயிட் வழியாக மட்டும்தான் ஆவி வர வேண்டும். மூடியைச் சுற்றி வந்தால் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். காரைக்குடியில் என் கல்யாணத்தில் சீராகப் பரப்பிய சாமானில் மூன்று குக்கர். பெயர் வெட்டி, பேப்பர் சுற்றி, இரண்டாங்கட்டு அறையில் ஏழு வருஷம் கிடந்தன. நாங்கள் வெளியூர். ஒரு பொங்கலுக்கு வந்தபோது ஒன்றை எடுத்து, இரவே ஊறப்போட்ட கவுனி அரிசியை, அதாவது கறுப்பரிசியை, வைத்தேன். பாத்திரம் கண்ணாடி மாதிரி மின்னியது. விசில்தான் வரவில்லை. மூடியைச் சுற்றி புஸ்புஸ்ஸென்று ஆவி. வந்துவிடும் என்று நானும் பேச்சில் இருந்துவிட்டேன். தீய்ந்த வாடை முற்றத்துக்கு வந்த பிறகுதான் ஓடினேன். தண்ணீர் முழுக்க ஆவியாகப் போய், கவுனி அடியில் கரி. சேஃப்டி வால்வின் நடுவில் ஈயம் மாதிரி இருக்குமே, அது உருகி ஓட்டை விழுந்திருந்தது. அது உருகத்தான் வேண்டும், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். கேஸ்கட்டைக் கழற்றி வளைத்தால் அப்பளம் மாதிரி விரிசல்.

“சாமான் புதுசுதான், ரப்பருக்கு வயசாச்சுல்ல?” என்றார் ஆத்தா.

ஆகவே பராமரிப்பு என்றால் பெரும்பாலும் மூடியைப் பார்த்துக்கொள்வதுதான். சமைத்ததும் கேஸ்கட்டைத் தனியாகக் கழற்றிக் கழுவிக் காயவையுங்கள். மூடியைப் பூட்டி வைக்காமல் கவிழ்த்து வையுங்கள். கேஸ்கட் தளர்ந்தால் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் போட்டு எடுத்தால் அன்றைய சமையல் நடக்கும், ஆனால் புதியது வாங்க நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். கேஸ்கட்டும் வால்வும் அதே கம்பெனி, அதே அளவு. கடைக்காரர் “எல்லாத்துக்கும் பொருந்தும்” என்று எதையாவது நீட்டினால் வாங்காதீர்கள்.

வெயிட் உட்காரும் குழாயை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரியாவிட்டால் தென்னை ஈர்க்கால் குத்தி எடுங்கள். பருப்பு நுரைதான் அதை அடைக்கும். அரிசி, பருப்பு என்றால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், பருப்பில் ஒரு சொட்டு எண்ணெயும் விடுங்கள். மற்றவை மூன்றில் இரண்டு பங்கு வரை போகலாம். கவுனியை இப்போதெல்லாம் உள்ளே தனிப் பாத்திரத்தில்தான் வைக்கிறேன். ஆவி சீராக வந்த பிறகு வெயிட் போடுங்கள். அவசரம் என்று மூடியை இழுத்துத் திறக்காதீர்கள், உள்ளே தண்ணீர் 120 டிகிரி பக்கம் கொதித்துக்கொண்டிருக்கும்.

அலுமினியக் குக்கர் உள்ளே கறுக்கும். குக்கரின் அடியில் ஊற்றும் தண்ணீரில், புளி கரைத்து மிஞ்சிய சக்கையைப் போட்டால் போதும். புளிக்குழம்பை மட்டும் அதில் இரவு முழுக்க விட்டுவைக்காதீர்கள்.

அறையில் இருந்த மற்ற இரண்டில் ஒன்றுக்குக் கேஸ்கட் மாற்றி ஆத்தா வீட்டில் ஓடுகிறது. மற்றது 10 லிட்டர், அதற்குக் கேஸ்கட் இன்னும் கிடைக்கவில்லை. அந்த மாடலே இப்போது வருவதில்லையாம். அதில் தற்சமயம் கருப்பட்டி இருக்கிறது.