பட்டி அறுந்த கடிகாரம்

கேள்வி: அக்கா, கல்யாணமாகி எனக்கு இது முதல் நத்தார். வீட்டில் 3 ஆண்கள்: கணவர், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற மாமா, 19 வயதில் படித்துக்கொண்டிருக்கும் கணவரின் தம்பி. என்ன வேண்டும் என்று கேட்டால் மூவரும் ஒரே பதில்தான், "ஒன்றும் வேண்டாம்." கையில் 15,000 ரூபா சேர்த்து வைத்திருக்கிறேன். கணவரிடம் இருப்பது அவருடைய அம்மா உயிரோடு இருந்தபோது வாங்கிக்கொடுத்த கடிகாரம். பட்டி அறுந்து, கறுப்பு நூலால் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். பார்க்க வெட்கமாக இருக்கிறது. புதுக் கடிகாரம் ஒன்று வாங்கட்டுமா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: வாங்காதீர்கள் தங்கச்சி. நூலால் கட்டியாவது போட்டுக்கொண்டு போகிறார் என்றால் அவருக்கு வேண்டியது அந்தக் கடிகாரம்தான், வேறொன்றை நீட்டினால் நன்றி சொல்லிவிட்டு அலுமாரியில் வைப்பார், பிறகு நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் புறப்படும்போது அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பட்டியை மட்டும் மாற்றுங்கள். அவர் குளிக்கப் போகும் நேரத்தில் ஒரு அடிமட்டத்தை எடுத்து, பட்டி வந்து பொருந்தும் இரண்டு முனைகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆண்களின் கடிகாரங்களில் பெரும்பாலும் 18, 20, 22 என்றுதான் வரும். ஒரு மில்லிமீற்றர் கூடினால் உள்ளே போகாது, குறைந்தால் ஆடும், அதனால் கண்ணால் பார்த்து வாங்க வேண்டாம். போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டு புறக்கோட்டைக்குப் போனால், கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு நடைபாதையோரம் கடிகாரம் திருத்துகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் காட்டுங்கள். அசல் தோல் பார்க்க அழகுதான், ஆனால் கொழும்பு வியர்வைக்கு அது சீக்கிரம் நாறிப்போகும். பஸ்ஸில் போய்வருகிற ஆள் என்றால் உருக்குப் பட்டியோ நைலோன் பட்டியோ நல்லது. பட்டரியையும் அப்போதே மாற்றலாம், ஆனால் அதற்குக் கடிகாரம் கையில் வேண்டும், அதை எப்படிக் கடத்துவது என்பது உங்கள் சாமர்த்தியம்.

நான் இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன். ஒரு நத்தாருக்கு என்னுடைய மனிசனுக்கு, சீனி வருத்தம் வந்த புதிதில், நடக்கப் போகட்டும் என்று நல்ல விலைக்குச் சப்பாத்து வாங்கினேன். பெட்டியைத் திறந்தவர் முகம் மருந்துச் சீட்டைப் பார்த்த மாதிரிப் போனது! இப்போது அதைப் பக்கத்து வீட்டுப் பையன் போட்டுக்கொண்டு கிரிக்கெட் விளையாடுகிறான். ஒரு ஆளைத் திருத்துவதற்காக வாங்கும் சாமானைப் பரிசு என்று சொல்லி ஏமாற்ற முடியாது, அதை வேறொரு நாளில் சாதாரணமாக வாங்கிக்கொடுங்கள்.

மாமாவுக்குச் சேர்ட் எடுக்க நினைத்தால், அவர் அடிக்கடி போடும் சேர்ட்டின் கழுத்தை அளவுநாடாவால் பாருங்கள், பொத்தானின் நடுவிலிருந்து பொத்தான் துளையின் மறு கோடி வரை. 15½ அங்குலம் என்று வந்தால் கடையில் 15½ என்றே கேளுங்கள், "மீடியம்" என்பது கடைக்குக் கடை மாறும். ஆனால் என்னைக் கேட்டால் அந்த வயதுக்குச் சாரம்தான். மருதமுனைக் கைத்தறிச் சாரம், பருத்தியில், அவர் இப்போது கட்டுகிற மாதிரியான நிறத்தில். புதுச் சாரம் கஞ்சிபோட்டது போல விறைப்பாக இருக்கும், கட்டினால் நிற்காது என்று முணுமுணுப்பார், இரண்டு தடவை தோய்த்தால் சரியாகிவிடும். மூட்டித் தைத்துத் தரச் சொல்லி வாங்குங்கள், இல்லாவிட்டால் நத்தார் காலையில் நீங்கள்தான் ஊசி நூலோடு உட்கார வேண்டிவரும்.

தம்பிக்குக் காசு. உறையில் போட்டுக் கொடுங்கள், 19 வயதுக்கு அதைவிட மரியாதையான பரிசு கிடையாது. கையில் ஒரு சாமானும் இருக்கட்டும் என்றால் இயர்போன் வாங்கலாம், ஆனால் அவருடைய போனில் வட்டத் துளை இருக்கிறதா, டைப்-சி மட்டும்தானா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

மூவருக்கும் தலைக்கு 5,000 என்று பிரிக்காதீர்கள். பட்டிக்குக் குறைவாகத்தான் போகும், அதற்காகக் கணவர் கணக்குக் கேட்கப் போவதில்லை. கடைக்கு நத்தாருக்கு முந்திய கிழமைக்குள், வேலை நாளில் காலையிலேயே போய்விட்டு வாருங்கள், கடைசி நாட்களில் புறக்கோட்டைக் கெய்சர் வீதியில் உங்களைச் சனமே தள்ளிக்கொண்டு போகும், சாமான் பார்க்க முடியாது. மாற்றித் தருவார்களா என்று காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டு, பில்லில் எழுதியும் வாங்குங்கள். நான் ஒருமுறை கேட்காமல் வந்து, கழிவு விலைச் சாமானை மாற்ற மாட்டோம் என்று கடைக்காரர் சொல்ல, கழுத்து இறுகும் சேர்ட்டோடு வீடு திரும்பினேன்.

அப்புறம், அந்த அறுந்த பட்டியைக் கடையில் போட்டுவிட்டு வராதீர்கள். நூலோடு அப்படியே ஒரு கடதாசியில் மடித்துப் பெட்டிக்குள் வையுங்கள், வேண்டுமா வேண்டாமா என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.