ராணுவ ஜிப்ஸிக்காக டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: வயது 46. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ராணுவ ஏலத்தில் எடுத்த 2008 மாடல் மாருதி ஜிப்ஸியை ஒரு தரகர் 3.20 லட்சத்துக்குத் தருகிறார். ஆர்.டி.ஓ. பதிவு இன்னும் ஆகவில்லை, "நான் முடித்துத் தருகிறேன்" என்கிறார். சின்ன வயதிலிருந்தே அந்த வண்டிமேல் ஆசை. கையில் 6 லட்சம் டெபாசிட் இருக்கிறது. மாதம் 15,000 மிஞ்சும். மகள் பிளஸ் ஒன். வாங்கலாமா?

பதில்: வாங்குங்கள். ஆனால் இந்த வண்டியை, இந்தப் பணத்தில் வேண்டாம்.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஒரு ஜீப் வாங்கினேன். ராணுவம் கொடுத்த விடுவிப்புக் கடிதத்தில் இருந்த சேசிஸ் எண்ணையும் வண்டியில் குத்தியிருந்ததையும் டார்ச் அடித்து ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது, ஓர் இலக்கம் வேறு. அதற்குள் முழுப் பணமும் கைமாறிவிட்டது. இரண்டு வருடம் கொட்டகையில் நின்று, கடைசியில் உதிரிபாகமாகப் போனது. ராணுவத்தில் இருக்கும்வரை இந்த வண்டிகளுக்கு ஆர்.டி.ஓ. பதிவு கிடையாது; வெளியே வந்தபின் பதிவதற்கு அந்தக் கடிதமும் ஏல ரசீதும்தான் ஆதாரம். மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. நடத்தும் மின்னேலத்தில் 'உள்ளது உள்ளபடி' என்றுதான் விற்பார்கள், பின்னால் புகார் சொல்ல இடமில்லை. தமிழ்நாட்டு எண்ணோடு, உங்கள் பெயருக்கு மாற்றத் தயாராக ஆர்.சி. இருக்கும் வண்டியைப் பாருங்கள். ஐம்பதாயிரம் கூடினாலும் பரவாயில்லை. பழைய ஆலிவ் பச்சையிலேயே நின்றால் பெயின்ட் செலவையும் சேருங்கள். மோட்டார் வாகன விதி 121-இன்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறைக்கு மட்டுமே. எஞ்சின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

இனி கணக்கு. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் சேசிஸில் மாட்டும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். துரு பொலபொலவென உதிர்ந்தால் வெல்டிங் செலவு நிச்சயம். ரிப்பேருக்கு வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்காவது ஒதுக்கச் சொல்வேன். அப்படிப் பார்த்தால் 4.25 லட்சத்துக்கு மேல் போய்விடும். மிச்சம் 1.75 லட்சத்தை வைத்துக்கொண்டு கல்லூரி அட்மிஷனுக்குப் போய் நிற்பீர்கள், எனக்கு அதுதான் பயம். மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்குப் பத்து என்று வைத்தாலும் பெட்ரோலுக்கே சுமார் 3,000 ரூபாய். மூன்றாம் நபர் காப்பீடு 2022 கட்டணப்படி வருடத்துக்கு 3,416, ஜி.எஸ்.டி. தனி. 15 வருடம் தாண்டிய வண்டி என்பதால் 5 ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையோடு பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

"விலை ஏறும், முதலீடுதான்" என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். இது செலவு. சொந்த உபயோக வண்டி வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து இல்லை. நஷ்டத்துக்கு விற்றாலும் வேறு லாபத்தில் கழிக்க முடியாது.

டெபாசிட்டைத் தொடாதீர்கள், அது மகளுடையது. பர்சனல் லோனும் வேண்டாம். மாதம் 12,000 தொடர் வைப்பில் போடுங்கள். 30 மாதத்தில் அசலே 3.60 லட்சம். அதற்குள் மகள் கல்லூரியில் சேர்ந்திருப்பாள், ஃபீஸ் எவ்வளவு என்பதும் தெரிந்திருக்கும். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஜிப்ஸி பார்க்கும் மெக்கானிக் பட்டறைக்குப் போய் வாருங்கள். வண்டி பார்க்கப் போகும் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போகலாம்.