ஓவியத்தில் தூரம் காட்டுவதைப் பிள்ளைக்கு எப்படிப் பழக்குவது?

ஒன்பது வயது மகளின் சித்திரத்தில் தூரத்துப் பனையும் பக்கத்து வீடும் ஒரே அளவில் நிற்கின்றன, தூரம் போகும் கோடுகள் போய்ச் சேருகிற மறையும் புள்ளியைச் சொல்லிக் கொடுத்தும் ஏறவில்லை, ஆறு வயதுத் தம்பியையும் சேர்த்து இருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அடிமட்டத்தை எடுத்து ஒளித்து வையுங்கள். மறையும் புள்ளியில் தொடங்கினால் பிள்ளை இரண்டு கோட்டைக் கூராக முட்டவைத்து வீதி என்று காட்டும். பக்கத்தில் வீடு பழையபடி நேராகவே நிற்கும். கண்மட்டம், அதாவது நம் கண்ணின் உயரத்தில் தூரத்தே தெரியும் கோடு, விளங்கினால் மற்றது பின்னால் வரும்.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இது லேசு, எல்லாம் தட்டை நிலம். ஒரு பின்னேரம் பண்ணைப் பாலத்தடிக்குக் கூட்டிப் போங்கள். நீரும் வானமும் சேருகிற கோடு, வீதியில் நிற்கும் பெரிய ஆட்களை உடம்பில் எங்கே வெட்டுகிறது என்று கேளுங்கள். அவளுடைய உயரத்துக்கு அது நெஞ்சடியாக இருக்கும். பத்தடியில் நிற்பவருக்கும் நெஞ்சு, நூறடியில் நிற்பவருக்கும் நெஞ்சு! குந்தியிருந்து பார்த்தால் அந்தக் கோடு எல்லாருக்கும் தொடைக்கு இறங்கிவிடும். யாழ்ப்பாணக் கோட்டையின் மதிலில் ஏறினால் கீழே நிற்கும் அத்தனை தலையும் கோட்டுக்குக் கீழே போய்விடும். கோடு நம் கண்ணோடு ஏறி இறங்குகிறது என்பதை அவளே கண்டுபிடிக்க விடுங்கள்.

"தூரத்தில் இருப்பது சின்னது" என்று மட்டும் சொல்வது அரைப் பாடம். பிள்ளை சின்ன ஆளைத் தாளின் அடியிலேயே வரைந்துவிடும், பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். தூரம் கூடக் கூட ஆட்களின் கால் மேலே ஏற வேண்டும். நெஞ்சு கோட்டிலேயே நிற்கட்டும்.

பிறகு வீட்டில் யன்னல் கண்ணாடி. வெள்ளைப் பலகைக்கு எழுதும் பேனையால், ஒரு கண்ணை மூடி, தலையை அசைக்காமல், வெளியே தெரியும் ஒழுங்கையையும் மதிலையும் கண்ணாடியிலேயே கீறட்டும். தலை அசைந்தால் படம் குழம்பும், அதனால் நாடியைக் கதிரை முதுகில் வைப்பது நல்லது. இப்போது அடிமட்டத்தை வெளியே எடுங்கள். ஒழுங்கை நேராக ஓடினால், இரு பக்க மதிலின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் நீட்ட எல்லாம் கண்மட்டத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேரும். 1435இல் இத்தாலிய அறிஞர் அல்பெர்ட்டி ஓவியத்தைத் திறந்த யன்னலாக நினைக்கச் சொல்லி எழுதியதும் இந்த வழிதான்.

கணக்குப் பிடிக்கும் பிள்ளையென்றால் கையை நீட்டி ஒரு ஈர்க்கால் லைட் போஸ்டை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மடங்கு தூரத்தில் உள்ளது பாதி உயரம்.

கோயில் சுவர் ஓவியத்தில் சுவாமி பெரிதாகவும் அடியார்கள் சின்னதாகவும் இருப்பதை அவள் பிழை என்று சொல்லக்கூடும். அங்கே அளவைத் தீர்மானிப்பது தூரமில்லை, யார் முக்கியம் என்பதுதான்.

தம்பியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அந்த வயதில் தாளின் அடியில் ஒரு கோடு கீறி எல்லாவற்றையும் அதன்மேல் வரிசையாக நிறுத்துவதே வழமை. யன்னலில் கீற அவனும் வருவான், கீறட்டும், திருத்தப் போகாதீர்கள்.