மூன்று லட்சத்துக்குக் கப்பல் கடிகாரம் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு ஊர் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை. தென்னந்தோப்பில் ஒரு பகுதியை விற்றதில் எட்டு லட்சம் கையில் இருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் பழம்பொருள் வியாபாரி ஒருவர் 1942-ம் வருடத்து ஹாமில்டன் கப்பல் குரோனோமீட்டரை மூன்று லட்சம் சொல்கிறார். ரொக்கம் என்றால் இருபதாயிரம் குறைப்பாராம். "ஆன்டிக் சார், அஞ்சு வருஷத்துல டபுள்" என்கிறார். மகளுக்கு அடுத்த ஜூனில் கல்லூரி. வாங்கலாமா?

பதில்: ரொக்கப் பேச்சை முதலில் விடுங்கள். ஒரு விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் பணத்தைப் பெற்ற வியாபாரிக்குத்தான். ஆனால் பில் இல்லாமல் முழிக்கப்போவது நீங்கள்.

நீங்கள் சொல்லும் கடிகாரம் ஹாமில்டன் 21 என்ற மாடல்; அருமையான சாமான்தான், அபூர்வமில்லை. போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காகத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து தள்ளியது. பத்தாயிரத்துக்கு மேல் வெளிவந்தது. நூறு வயது ஆகாததால் 1972-ம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி அது தொல்பொருளும் இல்லை. இது உங்களுக்கு நல்லதுதான்: நூறு தாண்டியிருந்தால் வெளிநாட்டில் விற்கும் வழியும் அடைபட்டிருக்கும்.

இதில் வட்டி வராது, வாடகை வராது. ஜூனில் பணமுடை வந்தால் நகையை அன்றைக்கே அடகு வைக்கலாம். இதை எந்த வங்கியும் தொடாது. வியாபாரியிடம் ஒன்று கேளுங்கள்: "அடுத்த வருஷம் இதை நீங்களே என்ன விலைக்குத் திரும்ப எடுப்பீர்கள்? எழுதித் தருவீர்களா?" டபுள் என்றவர் அப்போது சொல்லும் தொகைதான் உண்மை விலைக்குப் பக்கத்தில் இருக்கும்.

மகளின் கல்லூரிக் கட்டணத்தை வங்கி வைப்பில் தனியே போட்டுவிட்டு, ஆறு மாதச் செலவையும் ஒதுக்கி, அப்புறமும் ஆசை விடவில்லையா? சரி, ஆசைச் செலவாக வாங்குங்கள், பேரம் பேசி. விநாடி முள்ளைக் கவனியுங்கள்: அசலில் அது அரை விநாடிக்கு ஒரு தரம் நகரும், விநாடிக்கு ஒருமுறை குதித்தால் உள்ளே பேட்டரி. கொடுத்த சாவி இன்னும் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சின்ன முள்ளின் அளவு 56 மணி வரை இருக்க வேண்டும். முகப்பிலும் உள் இயந்திரத்திலும் உள்ள எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். ரூர்க்கியில் கப்பல் பித்தளைச் சாமான்களைப் புதிதாகவே செய்கிறார்கள், பழசு போலவே மினுங்கும்.

எடுத்துவரும்போது உள்ளே இப்படியும் அப்படியும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தைத் தக்கைத் துண்டு வைத்து நிறுத்தச் சொல்லுங்கள், பெட்டிக்குள் கடிகாரத்தைத் தாங்கும் வளையங்களையும் பூட்டச் சொல்லுங்கள். ஓடவிட்டபடி காரில் வைத்தால், பாலக்காடு வருவதற்குள் சக்கரத்தைப் பல் பல்லாகத் தடுத்து விடும் மெல்லிய டிடென்ட் ஸ்பிரிங் உடையலாம். அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவரைக் கடையிலேயே விசாரித்து வாருங்கள். அந்தச் செலவும் விலையில் சேர்த்திதான்.