இருட்டும் அட்டைப்பெட்டியும் போதும்

கேள்வி: நியூ ஜெர்சிக்குக் குடிவந்தபின் இது எங்களுக்கு முதல் அக்டோபர். தெருவெங்கும் ஹாலோவீன் அலங்காரம். எதிர்வீட்டு வாசலில் 12 அடி உயர எலும்புக்கூடு நிற்கிறது. எங்களுக்கு 9 வயதில் மகள், 4 வயதில் மகன். 20 டாலருக்குள் எல்லோரும் சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா? கைவேலையில் எனக்குப் பழக்கம் இல்லை.

பதில்: தாராளமாக முடியும். அந்த எலும்புக்கூட்டோடு போட்டி மட்டும் வேண்டாம். வீட்டுச் சாமான் கடையான ஹோம் டிப்போ 2020-இல் அதை அறிமுகப்படுத்தியபோதே விலை 299 டாலர். உங்களுக்குத் துணை இருட்டு. ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 அன்று உங்கள் பகுதியில் ஏறக்குறைய மாலை 6 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். பிள்ளைகள் வேடமிட்டு மிட்டாய் கேட்டு வரும்போது, அவர்கள் கண்ணில் படுவது வெளிவடிவமும் பின்னாலிருந்து கசியும் வெளிச்சமும்தான். பகலில் வெறும் அட்டையாகக் கிடப்பது இரவில் சூனியக்காரியாகிவிடும்.

ஆகவே தெருவைப் பார்த்த ஜன்னலில் தொடங்குங்கள். பார்சல் வரும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, மகளைப் பூனை, வௌவால், வளைந்த மூக்குக் கிழவி என்று பெரிதாக வரையச் சொல்லுங்கள். உருவம் இரண்டடிக்குக் குறையக் கூடாது; சிறியது தெருவிலிருந்து தெரியாது. கண்களுக்கு ஓட்டை போட்டு, கண்ணாடியின் உட்புறம் ஒட்டுங்கள். அதற்குப் பின்னால் பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டி, திரைக்குப் பின்னே, துணியில் படாத தொலைவில், ஒரு எல்.ஈ.டி. மேசைவிளக்கை வையுங்கள். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. நான் ஒன்றே ஒன்றுதான் பரிந்துரைக்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது பேய். இதில் நம் வீட்டு அனுபவம் கைகொடுக்கும், ஏனென்றால் இது பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடும் அதே வேலை. இரண்டு மேசைக்கரண்டி மக்காச்சோள மாவை (கார்ன்ஸ்டார்ச்) சிறிது குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் இரண்டு கோப்பை நீரில் ஊற்றிக் கிளறினால் கஞ்சி தயார். ஒரு பாட்டிலின் வாயில் ஊதிய பலூனை ஒட்டிக்கொள்ளுங்கள். சல்லாத்துணியையோ கிழிந்த வேட்டித் துண்டையோ ஆறிய கஞ்சியில் நனைத்துப் பிழிந்து அதன்மேல் போர்த்துங்கள். கஞ்சியில் துணியை முக்கும் வேலை 4 வயதுக்காரனுடையது, விட்டுக்கொடுக்க மாட்டான். ஒரு நாள் காய்ந்ததும் பலூனைக் குத்தி வெடித்து, பாட்டிலை உருவிவிட்டால் துணி தானாகவே நிற்கும். மழையில் நனைந்தால் துவண்டுவிடும். கூரைக்கு அடியில் மட்டும் தொங்கவிடுங்கள். மழை படும் இடத்துக்குக் காலியான ஒரு காலன் பால் குடுவைகள் பொருந்தும். கறுப்பு மார்க்கரால் முகம் வரைந்து, பின்பக்கம் ஓட்டை போட்டு, பேட்டரி விளக்கை உள்ளே விடுங்கள். காற்றில் உருளாமலிருக்க அடியில் கொஞ்சம் மணல்.

பரங்கிக்காய் இல்லாமல் ஹாலோவீன் இல்லை. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்த மக்கள், அமெரிக்காவுக்கு வந்தபின் பரங்கிக்குள் வைத்தார்கள். திருஷ்டிப் பூசணியில் முகம் வரைந்து வாசலில் கட்டும் நமக்கு இது அந்நியமாகவே தோன்றாது. கடையில் செதுக்குக் கருவிப் பெட்டி வாங்க வேண்டாம். உறுதியான கரண்டியும் சிறிய ரம்பக் கத்தியும் போதும். மேலே மூடி வெட்டுவதைவிட அடிப்பக்கத்தை வெட்டுவது நல்லது: மூடி சுருங்கி உள்ளே விழும் தொல்லை இல்லை, விளக்கைத் தரையில் வைத்துக் காயை மேலே கவிழ்த்துவிடலாம். உட்சுவரை ஓரங்குலக் கனத்துக்குச் சுரண்டுங்கள். முகத்தைப் பிள்ளைகள் வரையட்டும், கத்தி உங்கள் கையிலேயே இருக்கட்டும். செதுக்கிய காய் சில நாட்களிலேயே அழுகத் தொடங்கும் என்பதால் 29-ஆம் தேதிக்கு முன் கத்தியை எடுக்காதீர்கள். இன்னும் முன்கூட்டியே வைக்க ஆசையென்றால், செதுக்காமல் வண்ணம் பூசிய காய் வாரக்கணக்கில் நிற்கும். விதைகளை எறியாமல் கழுவி உலர்த்தி, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி வறுத்துக் கொடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும், இழுத்து விரிக்கும் பஞ்சுச் சிலந்திவலையைச் செடிகள்மேல் போடாதீர்கள். சிறு பறவைகளும் தேனீக்களும் சிக்கிக்கொள்கின்றன. வலை வேண்டுமென்றால் கறுப்புக் குப்பைப் பையைப் பலமுறை மடித்து, வெட்டி விரித்து ஒட்டலாம். இரண்டாவது, மெழுகுவர்த்தியே வேண்டாம். தரையில் புரளும் உடையோடு குனிந்து பார்க்கும் குழந்தைக்கு ஒரு சுடர் போதும், தீப்பற்ற. டாலர் கடைகளில் பேட்டரி மெழுகுவர்த்தி கிடைக்கிறது. உங்கள் 20 டாலரில் பெரும்பங்கை விளக்குகளுக்கே ஒதுக்குங்கள்.

இருட்டு வேண்டும் என்பதற்காக வாசல் விளக்கை அணைத்துவிடாதீர்கள். அது எரிந்தால்தான் இந்த வீட்டில் மிட்டாய் உண்டு என்று அங்கே பொருள். அணைந்திருந்தால் பிள்ளைகள் படியேறாமல் கடந்துவிடுவார்கள். அன்று மட்டும் ஆரஞ்சு நிற எல்.ஈ.டி. பல்பை மாட்டுங்கள். படிகளில் கால் தடுக்காத அளவுக்கு வெளிச்சம் இருக்கும், ஜன்னல் கிழவியும் மங்கமாட்டாள்.